செருப்புக்குச் சாட்சி

குற்றவியலில் பி.ஏ. சேர்ந்தேன் என்றதும் சன்னதித் தெரு முழுக்க ஒரே கேள்வியைத்தான் கேட்டது. "திருடப் படிக்கிறியாம்மா, திருடனப் புடிக்கப் படிக்கிறியா?" அப்பாவின் பூஜைச் சாமான் கடையில் கற்பூரம் வாங்க வருகிறவர்கள் கேட்பார்கள், கேட்டுவிட்டு அவர்களே சிரித்துக்கொள்வார்கள். அப்பாவும் சிரிப்பார். அவர்கள் போன பிறகு என்னிடம், "பி.ஏ.னு மட்டும் சொல்லு, போதும். மிச்சத்த எதுக்குச் சொல்ற?" என்பார். நான் மிச்சத்தையும் சேர்த்தே சொன்னேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பௌர்ணமிக்கு மலை சுற்ற வரும் கூட்டம் மாதத்துக்கு மாதம் பெருகிக்கொண்டிருந்தது. நான் வெளியூர்க் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. ஏதாவது ஒரு குற்றத்தை நேரில் கவனித்து அறிக்கை எழுத வேண்டும். கூடப் படித்தவர்கள் கொலை, கொள்ளை என்று பெரிது பெரிதாக எடுத்தார்கள். நான் எடுத்தது செருப்புத் திருட்டு. வகுப்பே சிரித்தது. சிரிக்கட்டும். ஊரே வெறுங்காலோடு மலை சுற்றப் போய்விடும் நாளில், கோபுர வாசலில் கேட்பாரற்றுக் கிடக்கும் சொத்து வேறென்ன?

மூன்று பௌர்ணமி ராஜகோபுரத்து வாசலில் நோட்டோடு உட்கார்ந்தேன். செருப்பைக் காணாமல் தேடுகிறவர்களைக் கேட்டேன். கொஞ்சம் தேடுவார்கள், பிறகு முகம் மலரும். "போனா போவட்டும்மா, பீடை வுட்டுது." பறிகொடுத்தவன் சந்தோஷமாகப் பஸ் ஏறுகிறான்! என் பாடப்புத்தகத்தில் அப்படி ஒரு ஆளுக்கு இடமே இல்லை. சிலர் பிய்ந்த செருப்பை வேண்டுமென்றே விட்டுவிட்டு, காய்ச்சல் இறங்கியவர்களைப் போல லேசாக நடந்து போனார்கள்.

மறுநாள் பகலில் மிச்சம் கிடப்பவற்றைப் பொறுக்க அடி அண்ணாமலைக் கிராமத்திலிருந்து ஒருத்தி சாக்கோடு வருவாள். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். வார் தைத்து, ஜோடி சேர்த்து, சந்தையில் விற்பாள். காலையிலேயே வந்தால் நிறையக் கிடைக்குமே என்று ஒருமுறை கேட்டேன்.

"ஆளு வந்து தேடுனா? உச்சி வெயிலு வரைக்கும் வராதவன் அப்பால வரமாட்டான். அதுக்கு முன்னால கைய வெச்சா திருட்டு."

சட்டம் படிக்காதவள். ஆனால் உடைமை எது, கைவிட்டது எது என்று இரண்டு பக்கத்தில் நான் எழுதியிருந்ததை, வெயிலை வைத்து அளந்து சொல்லிவிட்டாள்.

மூன்றாவது பௌர்ணமியன்று சாயங்காலம் ஒரு பெரிய மனிதரின் தோல் ஷூ காணாமல் போனது. என்னிடமே வந்து, "பாத்தியாம்மா?" என்று கேட்டார். நேரம் குறித்து எழுதி வைத்தேன். மறுநாள் மதியம் அவள் வந்து சாக்கைப் பாதி நிரப்பியிருப்பாள், ஜீப் வந்தது. ஷூ திருடினவள் என்று சாக்கோடு ஏற்றிக்கொண்டு போனார்கள். "சார், இவங்க இப்பத்தான் வந்தாங்க" என்று கத்தினேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைக்கு ஓடினேன். ஸ்டேஷனுக்குப் போகிறேன் என்றேன். "நீ இரு, அங்க கேஸ் எழுதுற ரைட்டரை எனக்குத் தெரியும்" என்று அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு போனார். போன வேகத்தில் திரும்பினார்.

"பொம்பளைங்க ஸ்டேஷனுக்கு வரக்கூடாதுனு சட்டமே இருக்குதாம். உன் புஸ்தகத்துல இல்லியா?"

இருந்தது. சாட்சி சொல்ல ஸ்டேஷனுக்கு வா என்று ஒரு பெண்ணைப் போலீஸ் கட்டாயப்படுத்தக் கூடாது, அவள் வீட்டுக்குப் போய்த்தான் விசாரிக்க வேண்டும் என்று இருந்தது. நானே அடிக்கோடு போட்டுப் படித்தது. எங்களுக்குக் காவலாக எழுதிய வரியை எடுத்து எங்கள் முகத்திலேயே சாத்துகிறார்கள்.

"நாலு பேரு பாத்தா, நாளைக்கு உன்ன யாரு கேட்டு வருவாங்க?"

"வரவங்க வரட்டும், வராதவங்க போவட்டும்ப்பா."

போனேன். சுவரோரம் தரையில் அவள் உட்கார்ந்திருந்தாள். ரைட்டர் நிமிர்ந்தார். "இன்னாம்மா, அப்பா கிட்ட சொல்லி அனுப்பினேனே?"

"சொன்னாருங்க. நீங்க எங்களக் கூப்பிடக் கூடாதுனுதான் சார் இருக்குது. நாங்களா வரக்கூடாதுனு எங்கயும் இல்ல."

"பரீட்சையில எழுது, போ."

"எழுதிட்டேன் சார். பாஸ்."

பின்னால் ஒரு போலீஸ்காரர் சிரித்து, ரைட்டர் முறைத்ததும் இருமலாக்கிக்கொண்டார். நான் நோட்டைப் படித்தேன். ஷூ போனது நேற்றுச் சாயங்காலம்; இவள் வந்தது இன்று மதியம்; இரண்டு வேளையும் நான் அதே வாசலில். "சாக்கப் பிரிச்சுப் பாருங்க, ஷூ இருந்தா நானும் உள்ள ஒக்கார்றேன்." அதுவரை யாரும் அதைப் பிரித்திருக்கவே இல்லை. கொட்டினார்கள். ரப்பர் செருப்புகள், அறுந்த வார்கள், மிதித்தால் கீச்சிடும் குழந்தைச் செருப்பு ஒன்று. ஷூ இல்லை. என் வாக்குமூலத்தை எழுதிக்கொள்ள மாட்டேன் என்றார் ரைட்டர். நானே எழுதிக் கையெழுத்துப் போட்டு மேசையில் வைத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். அரைமணி நேரம்.

"சரி, ரெண்டு பேரும் கெளம்புங்க."

நான் எழுந்து வாசல் வரை வந்துவிட்டேன். அவள் எழவில்லை.

"மூட்ட?" என்றாள்.

"வுட்டதே ஜாஸ்தி. போவியா..."

"மூட்ட என்னுதுங்க."

வெற்றி என்று நினைத்து வெளியே கால் வைத்தவள் நான். திரும்பி வந்து, இந்த முறை பெஞ்சில் அல்ல, அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். ரைட்டர் எங்களைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சாக்கைக் காலால் எங்கள் பக்கம் தள்ளினார். "எடுத்துகினு போய்த் தொலைங்க."

அவள் அவசரப்படவில்லை. ஜோடி ஜோடியாகத் தேடி எடுத்து அடுக்கினாள். நானும் எடுத்துக் கொடுத்தேன். குழந்தைச் செருப்பு அவள் கையில் அழுந்தி, ஸ்டேஷன் நடுவில் கீச்சென்றது. சாக்கைத் தலையில் ஏற்றிக்கொண்டு வெளியே வந்து, தன் வழியே நடந்தாள். நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? அவளுடையதை அவள் எடுத்துக்கொண்டு போகிறாள்.

எதிர் டீக்கடையில் அப்பா நின்றிருந்தார். கையில் டீ ஆறிப்போயிருந்தது.

"உள்ள போறப்ப கால் நடுங்குச்சா?"

"நடுங்குச்சுப்பா."

கூடவே நடந்தார், தெருவின் நடுவில், எல்லோரும் பார்க்க.

ஸ்டேஷனில் நடந்ததை எழுதிய கடைசி அத்தியாயத்தை அறிக்கையிலிருந்து எடுத்துவிடச் சொன்னார் பேராசிரியர். குற்றமே நடக்கவில்லையே என்றார். சாக்கைப் பிரித்துப் பார்க்காமலேயே ஆளைப் பிடித்தார்களே சார், அது நடந்தது என்றேன். எடுக்கவில்லை. மார்க் கம்மியாகத்தான் வந்தது. வரட்டும்.