அவர் அழித்த கப்பல்

டெக்சாஸில் ரிச்சர்ட்சனுக்குக் குடிபோன புதிதில் எனக்கு எச்-4 விசா. வேலைக்குப் போகக் கூடாது. கணவர் காலையில் காரை எடுத்துக்கொண்டு டெலிகாம் கம்பெனிக்குப் போய்விடுவார். எனக்கு நடந்து போகிற தூரத்தில் இருந்தது ஒரு கம்யூனிட்டி சென்டர் மட்டும்தான். அங்கே செவ்வாய்தோறும் ஓவிய வகுப்பு நடந்தது. சொல்லிக் கொடுத்தவர் எழுபதைத் தாண்டிய ஆப்பிரிக்கானர், தென்னாப்பிரிக்காவின் டச்சு வழி வெள்ளைக்காரர். இங்கே வேலை பார்த்த மகள் அவரை அழைத்துவந்து கூட வைத்திருந்தாள்.

அவருடைய ஊரில் அவர் பெரிய ஆள். சரித்திரக் காட்சிகள்தான் அவர் தொழில். முன்னோர்கள் மாட்டு வண்டிகளில் மலை தாண்டியது, ஆற்றங்கரைச் சண்டை என்று அரசாங்கக் கட்டடங்களில் சுவர் உயரத்துக்கு வரைந்து பதக்கம் வாங்கியவர். பள்ளிப் பிள்ளைகளின் பாடப்புத்தகத்திலும் அவர் படங்கள் இருந்தனவாம். அங்கே வெள்ளையர் ஆட்சி போனதும் எல்லாவற்றையும் கழற்றிக் கிடங்கில் போட்டுவிட்டார்கள். நாற்பது வருஷ உழைப்பு சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறது என்பார். எனக்குப் பாவமாக இருந்தது. நான் பாவம் பார்க்கும் ஆட்களைப் பற்றி என் கணவருக்கு எப்போதும் நல்ல அபிப்பிராயம் கிடையாது.

ஒருநாள் அந்தப் படங்களின் அச்சுப் பிரதிகளைக் காட்டினார். வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களைக்கூட எண்ணி வரைந்திருந்தார். இத்தனை கூட்டத்தில் எங்கள் ஆட்கள் ஒருவரும் இல்லையே என்று கேட்டேன். சும்மா கேட்கவில்லை. என் அப்பாவின் தாத்தாவோடு பிறந்த அக்கா ஒருத்தி, புருஷன் செத்த பிறகு, வட ஆற்காட்டிலிருந்து கைக்குழந்தையோடு தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறியவள். பிறகு ஒரு சேதியும் இல்லை. எங்கள் வீட்டுப் படையலில் அவளுக்கும் ஒரு இலை உண்டு. மற்ற இலைகளுக்கு எதிரே படங்கள் இருக்கும், அவள் இலைக்கு எதிரே வெறும் சுவர். அவளுக்கு ஒரு படம் வேண்டும் என்பது அப்பாவின் தீராத ஆசை. இதையெல்லாம் அவரிடம் சொன்னேன்.

அடுத்த வாரம் அவரே சொன்னார். "நான் விட்டுவிட்டவர்களில் அவளும் ஒருத்தி. அவளை வரைகிறேன். நீங்கள் நிற்க வேண்டும்."

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அப்பாவுக்கு போன் போட்டேன். ரிடையர்டு போஸ்ட்மாஸ்டர், தெரிந்ததையெல்லாம் இங்கிலீஷில் நாலு பக்கம் எழுதி அவருக்கே அனுப்பிவிட்டார். பெரியவர் மரியாதையாகப் பதில் போட்டார். அந்தக் கடிதத்தை அப்பா ஊரில் காட்டாத ஆள் இல்லை.

எட்டு சனிக்கிழமை அவர் மகளின் கராஜில் நின்றேன். வெயிலில் அது அடுப்பாகக் கொதிக்கும். எங்கள் பக்கத்து அந்தக் காலப் பெண்களைப் போலக் கொசுவத்தைப் பின்னால் வைத்துச் சேலை கட்டி, குழந்தைக்குப் பதில் சுருட்டிய துண்டை இடுப்பில் வைத்துக்கொள்வேன். அந்தக் கொசுவத்தின் மடிப்புகளுக்கே இரண்டு சனிக்கிழமை எடுத்தார். என் பின்னால் கப்பலும் கயிறுகளும் ஒவ்வொன்றாக வந்தன.

"பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படிச்சிட்டு, இங்க வந்து துண்டுக்குத் தாலாட்டா?" என்று கணவர் கிண்டல் பண்ணுவார்.

இரண்டு மாதம் கழித்து லைப்ரரி ஹாலில் அவருடைய கண்காட்சி. நான் பட்டுச் சேலை கட்டி, தெரிந்த இரண்டு குடும்பங்களையும் அழைத்துக்கொண்டு போனேன்.

படத்தில் கப்பல் இல்லை. அது இருந்த இடத்தில் ஒரு பண்ணை வீடு, வராந்தாவில் காபி குடிக்கும் வெள்ளைக்காரத் தம்பதி. ஓரத்தில் நான். என் முகம், என் பின்கொசுவம், ஒரு மடிப்பு குறையவில்லை. இடுப்பில் குல்லாய் போட்ட அவர்களுடைய குழந்தை.

"ஏய், அப்படியே உன் ஃபேஸ்!" என்றாள் கூட வந்த தோழி. "சூப்பரா ட்ரா பண்ணியிருக்கார்."

அவரிடம் நேரே போய்க் கப்பல் எங்கே என்று கேட்டேன்.

"இங்கே குடியேறிய எங்கள் ஊர்க்காரர் ஒருவர் வாங்குகிறார். அவருக்கு வீடுதான் வேண்டும். கப்பலை யார் மாட்டிக்கொள்வார்கள்?" என்றவர், குரலை இறக்கி ஆறுதல்போலச் சொன்னார். "முன்பு என் படங்களில் நீங்கள் இல்லவே இல்லை. இப்போது இருக்கிறீர்கள் அல்லவா?"

"இதுக்கு நாங்க இல்லாமலே இருந்திருக்கலாம்" என்று தமிழிலேயே சொன்னேன். இங்கிலீஷ் வரவில்லை. புரியாமல் புன்னகை செய்தார். அந்தப் புன்னகையை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அன்று வீட்டில் அழுது தீர்த்தேன். அன்றைக்கு மட்டும் கணவர் கிண்டல் பண்ணவில்லை. "அப்பாகிட்ட படம் நின்னு போச்சுன்னு சொல்லிடு" என்றார். எப்படிச் சொல்வது என்று நான் நாளைக் கடத்தினேன். அதற்குள் அப்பாவே போன் செய்தார்.

"வந்துடுச்சும்மா."

"என்னப்பா வந்துச்சு?"

"போட்டோ. பெரியவர் தபால்ல அனுப்பியிருக்காரு. கறுப்பு வெள்ளைதான், ஆனா என்னமா இருக்கு."

வீட்டையும் வராந்தாவையும் தம்பதியையும் விட்டுவிட்டு, அவளையும் குழந்தையையும் மட்டும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார் என்பது அப்பா சொல்லச் சொல்லத்தான் புரிந்தது. கீழே கையெழுத்து வேறு போட்டிருந்தாராம். காசு வாங்காமல் இவ்வளவு செய்திருக்கிறாரே என்று அப்பா நெகிழ்ந்துபோனார்.

"பிரேம் போட்டு, பொட்டு வெச்சு மாட்டியாச்சு. குழந்தைகூட நல்ல செவப்பு, பாத்தியா? நம்ம குடும்பத்துல அந்த நிறம் எங்கேர்ந்து வந்துச்சோ."

உண்மை வாய் வரை வந்தது. "அவங்க புருஷன் சாயலா இருக்கும்பா" என்றேன்.

அதற்குப் பிறகு அப்பா எட்டு வருஷம் இருந்தார். வருஷா வருஷம் அந்தப் படத்துக்கு முன்னால் இலை போட்டு, கூடவே குழந்தைக்கென்று ஒரு சின்ன இலையும் போட்டார்.