அத்தான் காட்டிய மலை

அக்காவின் அந்த மயில்நீலக் காஞ்சிபுரம் சேலையை நினைத்தால் எனக்கு இன்னும் பல்லைக் கடிக்கத்தான் வருகிறது. அத்தானின் அறுபதாவது பிறந்தநாளுக்கென்று வாங்கியது. கோயிலுக்குக் கட்டுவதற்கல்ல, பனி மலையின் உச்சியில் கட்டிக்கொண்டு நின்று படம் எடுப்பதற்கு. விடியக் கிளம்பி ஜெனீவாவுக்குப் பறந்து, பஸ்ஸில் மலையடிவாரத்து ஊருக்குப் போய், கேபிள் காரில் உச்சியைத் தொட்டுவிட்டு இரவே லண்டன் திரும்புவதை இப்போது பலரும் செய்கிறார்கள். அத்தானின் கடைக்கு வரும் யாரோ அப்படிப் போய்வந்து படங்களைக் காட்டியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. லண்டன் லூயிஷாமில் மீனும் மரக்கறியும் விற்கும் கடை அவருடையது. கோயில் நிர்வாகத்திலும் இருக்கிறார். வாயைத் திறந்தால் நாலு பேர் சுற்றி நின்று கேட்கவேண்டும் அவருக்கு. பழக்கத்தால்தான் அவரை மரியாதையாக எழுதுகிறேன். மற்றபடி அந்த மரியாதை என்னிடம் மிச்சமில்லை.

அக்காவுக்குச் சில மாதங்களாகவே படியேறினால் மூச்சு வாங்கும். இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கான அழைப்புக்காகக் காத்திருந்தாள். "எனக்கு ஏலாது, நீங்கள் வேற ஆரையும் கூட்டிக்கொண்டு போங்கோ" என்று என் முன்னால்தான் சொன்னாள். "டிக்கெட் போட்டாச்சு. அங்க என்ன, நடக்கிறதே? பெட்டிக்குள்ள நிண்டால் அதுவே தூக்கிக்கொண்டு போகும்" என்றார் அத்தான். அவளைத் தனியே அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. நானும் ஒரு டிக்கெட் எடுத்தேன். தன் பெருமையைப் பார்க்க மச்சாளும் வருகிறாள் என்று அவர் கடையில் சொல்லிக்கொண்டாராம்.

மலை அழகாகத்தான் இருந்தது. அதை மறுக்கமாட்டேன். கேபிள் கார் மேகத்தைக் கிழித்துக்கொண்டு மேலே வந்தபோது பெட்டிக்குள் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தார்கள். அக்கா மட்டும் கண்ணை மூடி, கம்பியைப் பிடித்தபடி நின்றாள். உச்சியில் இறங்கியதும் அத்தான் சேலைப் பையை அவள் கையில் திணித்தார். கழிப்பறைக்குள் நான்தான் உடுத்திவிட்டேன். கொசுவத்தைச் செருகுவதற்குள் இரண்டு முறை சுவரில் சாய்ந்தாள். "வேண்டாமக்கா, விடு" என்றேன். "அந்தாள் பிறகு ஒரு மாசத்துக்கு முகத்தைத் தூக்கிக்கொண்டு திரியும்" என்றாள்.

வெளியே காற்று ஊசிபோலக் குத்தியது. ஜாக்கெட்டும் தொப்பியும் போட்ட வெள்ளைக்காரர்கள் நடுவே அக்கா சேலையோடு நின்றாள். மேலே போட்டிருந்த கோட்டை அத்தான் கழற்றச் சொன்னார். "சினிமாவில பனிக்குள்ள சேலையோடயே ஆடுகினம், நீ சும்மா நிக்கத்தானே வேணும்? சிரி!" அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்போடேயே அவள் உதடு நிறம் மாறுவதைக் கண்டேன். அப்படியே மடங்கி இரும்புப் படியில் இருந்துவிட்டாள். நான் ஓடிப்போய்க் கோட்டைப் போர்த்தினேன். அத்தான் போனைக் கீழே இறக்காமலே சொன்னார்: "இவளுக்கு எப்பவும் இப்பிடித்தான். நல்லநாள் பெருநாளிலதான் ஒரு வருத்தம் வரும்."

"நாங்கள் கீழ இறங்கிறம்" என்றேன்.

"இறங்குங்கோ. இன்னும் ஒரு லிஃப்ட் மேல போகுது. நான் அதையும் பாத்திட்டு வாறன்."

கேபிள் காரை இயக்கும் பெண் அக்காவின் முகத்தைப் பார்த்ததும் வரிசையை விலக்கி எங்களை முதலில் ஏற்றினாள், கீழே போனிலும் சொன்னாள். கீழே ஆம்புலன்ஸ் காத்திருந்தது. ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் மாட்டி, நெஞ்சில் வயர்களை ஒட்டிப் பார்த்துவிட்டு, இதய வால்வு பழுது, இந்த நிலையில் பறக்க விடமுடியாது என்றார் டாக்டர். அத்தான் நிதானமாக வந்து சேர்ந்தார். அவர் கன்னமெல்லாம் வெயிலில் சிவந்திருந்தது. டாக்டர் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். கேட்டுவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தார். "நாளைக்குக் கடை திறக்கவேணும். நீ நிக்கிறாய்தானே?" என்றார். கட்டிலில் கிடந்தவளின் காலைப் போர்வைக்கு மேலால் ஒருதரம் தட்டிவிட்டு பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார். நாங்கள் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே மலைப் படங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வந்து சேர்ந்தன. அக்கா சேலையில் சிரிக்கும் படமும் அதில் இருந்தது. கீழே வரிசையாக வாழ்த்துகள்.

அக்காவை லண்டனுக்குக் கொண்டுவந்து, வால்வை மாற்றி, உடம்பு தேற மாதக்கணக்கானது. ஆஸ்பத்திரியிலிருந்து விடும்போது எங்கே போவது என்று நான் கேட்கவில்லை. "மோர்டனுக்குப் போவம்" என்று அவளே சொன்னாள். மோர்டனில்தான் என் வீடு. ஒரு ஞாயிறு மத்தியானம் அத்தான் வந்தார். உள்ளே வரச்சொல்லி நான் கேட்கவில்லை. "சனம் கேக்குது. எத்தினை நாளைக்கு இஞ்ச இருக்கப்போறாய்?" என்று வாசலில் நின்றபடியே அக்காவைக் கேட்டார். உடம்பு எப்படி என்று கேட்கவில்லை. அக்கா அவர் தோளுக்கு மேலால் தெருவைப் பார்த்தாள். "காரை நிப்பாட்டாமலே வந்திருக்கிறியள். போங்கோ, எஞ்சின் ஓடிக்கொண்டு நிக்குது" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

போனமாதம் கோயிலில் அவரைக் கண்டோம். பூசை முடிந்து, புதிதாகக் கலியாணம் கட்டிய ஒரு சோடிக்கு அந்த மலைக்கு எப்படிப் போவது என்று விளக்கிக்கொண்டிருந்தார். "நான் எங்கட மனிசிக்கே காட்டினனான். அங்க நிண்டு பாத்தால் சொர்க்கம்" என்றார். நாங்கள் நாலடி தள்ளி நிற்பது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

"காட்டினது நீங்கள்" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். "உயிரோட வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது நான்."

அந்தப் பிள்ளைகள் என்ன செய்வதென்று தெரியாமல் தரையைப் பார்த்தார்கள். நிர்வாகத்து ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். அத்தான் சால்வையைச் சரிசெய்துகொண்டு பிரசாதம் கொடுக்கும் பக்கம் நடந்தார். பொது இடத்தில் நான் குரலை உயர்த்தினால் அக்கா என் கையைப் பிடித்து இழுப்பாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அன்றைக்கும் இழுப்பாள் என்று காத்திருந்தேன். அவள் இழுக்கவில்லை.