முதுகுத் தழும்பு

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபத்தெட்டு வருஷமாக விரிப்பு மடித்தவள் அவள். அவளை யாரும் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் பார்த்தது கிடையாது. கை முறிந்து வார்டில் கிடந்த சிற்பி, "உங்க முதுகை வச்சு ஒரு சிலை செய்யணும்கா. முகம் வைக்க மாட்டேன், யாருக்கும் தெரியாது" என்றபோது, அதனால்தானோ என்னவோ ஒத்துக்கொண்டாள். வீட்டில் கூடுதல் ஷிஃப்ட் என்று சொல்லிவிட்டு மூன்று மாதம் அவன் பட்டறை ஸ்டூலில் வெற்று முதுகோடு உட்கார்ந்தாள்.

சிலை பழைய சதுக்கத்தில், மணிக்கூண்டுக்கு எதிரே வந்து இறங்கியது. இரண்டு ஆள் உயரம். குந்திய அம்மணக் கிழவி, தொங்கும் வயிறு, முகத்துக்குப் பதில் மொழுக்கென்று ஓர் உருண்டை. தோளுக்குக் கீழே பிறைபோல ஒரு தழும்பு. சலவைக்கூடத்து நீராவிப் பெட்டி அவளைச் சுட்டது. சிற்பி அதையும் விடவில்லை.

ஊர் கொதித்தது. சதுக்கத்தில் கடிகாரக் கடை வைத்திருந்த அவள் மகன்தான் எதிர்ப்புக் குழுவின் செயலாளர். சிலையின் முதுகு அவன் கடையைப் பார்த்தபடி இருந்தது.

"எவளோ வெக்கங்கெட்டவ உட்கார்ந்திருக்கா பாரு" என்பான் சாப்பிடும்போது. "பெத்த புள்ளைங்க இருந்தா தூக்குல தொங்கணும்."

மருமகள் சிரிப்பாள். தாய் தட்டிலிருந்து தலையைத் தூக்க மாட்டாள். நல்லவேளை, இவனுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்வாள்.

ஆர்ப்பாட்டத்தன்று அவன் அவளையும் கிளப்பினான். "வயசான பொம்பள முன்னால நின்னா போலீஸ் கை வைக்காதும்மா." கூட்டத்தின் நடுவே கறுப்புப் பெயின்ட் டப்பாவை அவள் கையில் திணித்து, "எங்கம்மாதான் முதல்ல" என்று ஒலிபெருக்கியில் அறிவித்தான். ஜனம் கைதட்டியது. கேமராக்கள் நெருங்கின. அவள் டப்பாவைத் தூக்கினாள். ஊற்றினாள். பெயின்ட் வெண்கல இடுப்பில் வழிந்தது.

வீட்டுக்கு நடந்து வரும்போது அவன் சாவதானமாகச் சொன்னான்: "கொஞ்சம் மேல ஊத்தியிருக்கலாம். தழும்பு அப்படியே தெரியுது."

அவள் நின்றுவிட்டாள்.

"ஒன்பது வயசுல ஒரு மாசம் நான்தானேம்மா அதுக்கு மருந்து போட்டேன். எனக்குத் தெரியாதா?"

"எப்பலேருந்துடா தெரியும்?"

"திரையை விலக்குன அன்னிக்கே."

அப்படியானால் சாப்பிடும்போது பேசியதெல்லாம் அவள் முகத்துக்கு நேரே பேசியது. மறுநாள் காலை நாலு துணியைப் பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக் குடியிருப்புக்குப் போய்விட்டாள். மகன் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான், தடுக்கவில்லை.

சிற்பி பெயின்டைத் துடைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அப்படியே இருந்தால்தான் சிலை முழுமையாகிறதாம். அவளுக்குப் போன் பண்ணி நன்றி வேறு சொன்னான்.

அடுத்த கூட்டத்துக்கும் அந்த அம்மா வேண்டும் என்று குழு கேட்டபோது மகன், "அம்மா போயிட்டாங்க" என்றான். எங்கே என்று யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அந்த வாரமே பெயின்ட் டப்பாவும் கையுமாக அவள் படம் பத்திரிகையில் வந்தது. மேலே, 'வீரத்தாய்க்குக் கண்ணீர் அஞ்சலி'. கீழே, முதல் ஆளாக, மகன் பெயர்.

சலவைக்கூடத்தில் அதைக் கைமாற்றிக் கைமாற்றிச் சிரித்தார்கள்.

"என்னக்கா, நீ செத்துட்டியாமே?" என்றாள் பக்கத்து மெஷின்காரி.

"அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, அடுத்த வண்டித் துணியை இழுத்தாள்.