கண்ணாடிக்கு முதுகு காட்டி உட்கார்ந்த கதை

1. நாலடி உயரமும் பன்னிரண்டு எம்எம்மும்

செம்பாக்கத்தில் மீன்தொட்டி செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். டிவி பக்கத்தில் வைக்கிற தொட்டி, டாக்டர் கிளினிக்கில் வைக்கிற தொட்டி என்று வாழ்க்கை ஓடிக்கொண்டிருந்தது. சுவர் அளவுக்கு ஒரு தொட்டி செய்ய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அந்த ஆசை ஒருநாள் ஆட்டோவில் வந்து இறங்கியது. பெயர் பூங்காவனம்.

பூங்காவனம் அக்கா கடற்கரைக் குப்பத்துக்காரர். தாம்பரம் மார்க்கெட்டில் பல வருடம் மீன் விற்றவர். நாவலூரில் ஓட்டல் திறக்கப் போகிறார். வாசலுக்கு நேராகப் பெரிய தொட்டி, அதில் உயிரோடு கொடுவா மீன். வருகிறவர்கள் விரலை நீட்டினால் அந்த மீன் குழம்பாகும். கூடவே ஓட்டலை வடிவமைக்கும் இன்டீரியர் டிசைனர் பிரவீன், கையில் டிராயிங்கோடு வந்திருந்தார்.

நீளம் எட்டடி, உயரம் நாலடி, கண்ணாடி பன்னிரண்டு எம்எம் டஃபன்ட், அதாவது சூடாக்கிக் குளிரவைத்து உறுதியேற்றியது. தொட்டியை ஒட்டினாற்போல் குட்டிக் குட்டி ஸ்டூல்கள் வரைந்திருந்தன. குழந்தைகள் மீனைப் பார்த்துக்கொண்டே சாப்பிட வேண்டுமாம். கண்ணாடியின் அளவை இன்னொரு முறை படித்தேன்.

"பன்னண்டு பத்தாது சார்" என்றேன்.

"டஃபன்ட் மேடம். சாதாரண கிளாஸ விட பல மடங்கு ஸ்ட்ராங். ஆபீஸ் கதவெல்லாம் இதுதான்" என்றார் பிரவீன்.

"ஆபீஸ் கதவு மேல பகலும் ராத்திரியும் ஒருத்தர் சாஞ்சுகிட்டே நிப்பாரா? தண்ணி நிக்கும் சார்."

பூங்காவனம் அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. "இன்னாம்மா பேஜாரு பண்ற? பெரிய மீன வுட்டா தடி கண்ணாடி, சின்ன மீன வுட்டா மெலிசு. நான் கொடுவா வுடப் போறேன், திமிங்கலமா வுடப் போறேன்?"

சிரித்துவிட்டேன். கண்ணாடியைத் தள்ளுவது மீன் இல்லை, தண்ணீர் என்றேன். அதையும் ஒரு கை பார்த்தார். "அப்ப எட்டடிதான பெருசு? நீ இன்னாத்துக்கு நாலடியையே பாத்துகினு கீற?"

வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் வருகிற சந்தேகம் இது. பதிலை அவர் வீட்டிலிருந்தே எடுத்தேன். "அக்கா, உங்க வூட்டு ஆளுங்க வலை சிக்கினா முங்கி எடுப்பாங்களே, கரையோரம் முங்கினா காது வலிக்குமா?"

"கரையில இன்னாத்துக்கு வலிக்குது? ஆழம் போனாத்தான் காதைப் பிச்சிகினு போவும்."

"கடல் எவ்ளோ நீளம்னு காதுக்குத் தெரியாது. எவ்ளோ ஆழம்னுதான் தெரியும். கண்ணாடியும் அப்படித்தான்."

நீளமும் கொஞ்சம் கணக்கில் வரும்தான். ஆனால் தடிமனை முதலில் தீர்மானிப்பது உயரம். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு டிராயிங்கில் இருந்த ஸ்டூலைக் காட்டிக் கேட்டார்: "இங்க நீ குந்துவியா?"

"இந்தக் கண்ணாடின்னா குந்த மாட்டேன். வேற ஆளப் பாத்துக்குங்க. மூணடி உயரம், பத்தொன்பது எம்எம்னா முதுகக் காட்டிகிட்டு உட்கார்ந்து சாப்பிடுவேன்."

வாய் முந்திக்கொண்டது. "வாசல்ல நிக்கறவனுக்கு மீனு தெரியணும், நாலடிதான் வோணும்" என்று சொல்லிவிட்டு அக்கா ஆட்டோவில் ஏறிவிட்டார். என் ஆசையும் கூடவே ஏறிப் போனது. அன்று பட்டறையில் எல்லார் மீதும் எரிந்து விழுந்தேன்.

2. அரிசி மூட்டை

மறுநாள் பிரவீன் தனியாக வந்தார். சண்டைக்கு இல்லை. "மேடம், டஃபன்ட் ஏன் ஆகாதுன்னு எனக்குப் புரியற மாதிரி காட்டுங்க" என்றார். அந்த நிமிடமே அந்த ஆளை எனக்குப் பிடித்துவிட்டது.

பன்னிரண்டு எம்எம்மில் ஒரே அளவில் இரண்டு துண்டுகள் எடுத்தேன். ஒன்று பிளெயின், இன்னொன்று டஃபன்ட். இரண்டையும் செங்கல் மேல் பாலம் மாதிரி வைத்து, ஒவ்வொன்றின் நடுவிலும் ஓர் அரிசி மூட்டையை மெதுவாக இறக்கினோம். பிரவீன் தரையில் மண்டியிட்டு ஸ்கேலை வைத்து அளந்தார். மறுபடியும் அளந்தார்.

"ரெண்டும் ஒரே மாதிரி வளையுது!"

"அதேதான் சார். டஃபன்ட் லேசுல உடையாது. ஆனா வளையறதுல பிளெயினுக்கு அண்ணன் தம்பி. கண்ணாடி வளைஞ்சா மூலையில ஒட்டின சிலிக்கான் பசை பிரியும். வளையாம இருக்கணும்னா தடிமன்தான் வேணும்."

இன்னொன்றும் சொன்னேன். பிளெயின் பெரும்பாலும் ஒரு கீறலில் ஆரம்பிக்கும், ஒதுங்க நேரம் கிடைக்கும். டஃபன்ட் போனால் மொத்தமாகப் பொடியாகும், தண்ணீர் முழுவதும் ஒரே நேரத்தில் வெளியே வரும். பிரவீன் தன் டிராயிங்கில் இருந்த ஸ்டூல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திடீரென்று பென்சிலை எடுத்தார். "தொட்டி எதுக்கு நாலடி இருக்கணும்? ஸ்டாண்டை ஒரு அடி தூக்கிட்டா, மூணடி தொட்டியே வாசல்லேர்ந்து தெரியுமே!"

இத்தனை வருடம் தொட்டி செய்கிற எனக்கு அது தோன்றவில்லை பாருங்கள். பட்டறை அதிரக் கை தட்டினேன். பிரவீன் அங்கிருந்தே அக்காவுக்குப் போன் போட்டார். விஷயத்தை முழுசாகச் சொன்னார். பிறகு, "மீனு தெரியும்ல? அப்ப செய்ங்க" என்றார் அக்கா.

3. நூலும் நாணயமும்

ஓட்டலிலேயே வைத்துத்தான் ஒட்டினோம். ஒரு பலகைக் கண்ணாடியைத் தூக்கவே நாலு பேருக்கு முதுகு விட்டுப்போனது. மேல் விளிம்பைச் சுற்றிக் கண்ணாடிப் பட்டையும், கண்ணாடி விரியாமல் பிடித்துக்கொள்ளக் குறுக்கே பிரேஸும் கொடுத்தேன். சிலிக்கான் நன்றாகக் காயும் வரை யாரையும் கிட்டே விடவில்லை.

தண்ணீர் நிரப்பும் நாளில் எங்கள் பட்டறைக்கு ஒரு பழக்கம் உண்டு. முன் கண்ணாடியின் இரு ஓரங்களிலும் இரண்டிரண்டு ஐந்து ரூபாய் நாணயங்களை அடுக்கி வைத்து, அவற்றின் மேல் நூலை இறுக்கிக் கட்டுவோம். நடுவில் நூலுக்கும் கண்ணாடிக்கும் இடையே ஒரு நாணயமாவது தாராளமாக நுழைய வேண்டும். நுழையவில்லை என்றால் கண்ணாடி வயிறு தள்ளுகிறது, தண்ணீரை இறக்கு என்று அர்த்தம்.

கால்வாசியில் நுழைந்தது. பாதியில் நுழைந்தது. விளிம்பு வரை ஏறியதும் குழாயை மூடச் சொல்லிவிட்டு நாணயத்தை எடுத்தேன். பூங்காவனம் அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

நாணயம் நூலைத் தொடாமல் உள்ளே போய் வெளியே வந்தது.

"பூந்துச்சுடா!" என்று அக்கா போட்ட கூச்சலில் சமையலறையில் இருந்தவர்கள் கரண்டியோடு ஓடி வந்தார்கள். பிரவீன் என் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

4. முதுகு

திறப்பு விழா அன்று அக்கா என்னைச் சும்மா விடவில்லை. கொடுவாக்கள் நீந்திக்கொண்டிருந்தன. குழந்தைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றார்கள். "குந்துவேன்னு சொன்னியே, குந்து" என்று ஒரு குட்டி ஸ்டூலை இழுத்துப் போட்டார். பாதி உடம்புதான் அதில் நின்றது. தொட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். இலையும் சோறும் மீன் குழம்பும் வந்தன.

இரண்டு வாய் சாப்பிட்டிருப்பேன். எதைப் பார்த்து மிரண்டதோ, ஒரு பெரிய கொடுவா வாலைச் சுழற்றிக் கண்ணாடியில் டமாரென்று அடித்தது. நின்றவர்கள் எல்லாரும் பின்னால் துள்ளினார்கள். பிரவீன்கூட ஓரடி நகர்ந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"பாத்தியா? அசையல!" என்று அக்கா ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார். கண்ணாடியையா, என்னையா என்று நான் கேட்கவில்லை.

புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் எத்தனை எம்எம் போடலாம் என்று கேட்கிறார்கள். அட்டவணை போனிலேயே கிடைக்கும், பாருங்கள். முதலில் உயரத்தைப் பாருங்கள். எந்த அளவில் நிறுத்துவது என்று சந்தேகம் வந்தால் ஒரு படி தடிமனாகப் போடுங்கள். கடைசியாக, அந்தத் தொட்டி நிறையத் தண்ணீரை வைத்துவிட்டு, அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து உங்களால் நிம்மதியாகச் சாப்பிட முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்று நான் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டேன்.