ஓங் டியாவின் அடியில் ஒரு வால்வு

சைகோனில் பென் தான் சந்தைக்குப் பின்புறம் ஒரு சந்து. அங்கே குழாயைத் திறந்தால் தண்ணீர் சுண்டுவிரல் பருமனுக்கு வரும். பத்து நிமிஷத்தில் நூலாகிவிடும். அதனால் வீட்டுக்கு வீடு மோட்டார் வைத்து உறிஞ்சினார்கள். ஒருவர் மோட்டாரைப் போட்டால் பக்கத்து வீட்டுக் குழாய் காற்றை ஊதும். உடனே பக்கத்து வீட்டுக்காரரும் தன் மோட்டாரைப் போடுவார். காலை ஆறு மணிக்கு அந்தச் சந்து மாவு மில் போல இரையும்.

சென்னையில் பல வருடம் குழாய் வேலையில் இருந்துவிட்டு, சைகோனில் பழைய குழாய்களை மாற்றும் திட்டத்துக்காக நான் போயிருந்தேன். எனக்கு ஒதுக்கப்பட்ட முதல் இடம் அந்தச் சந்துதான். மண்ணுக்குள் எங்கேயோ பெரிய கசிவு இருக்கிறது, அதனால்தான் பிரஷர் இல்லை என்று போன முதல் வாரத்திலேயே அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டேன். எழுதிய பிறகுதான் கசிவைத் தேடத் தொடங்கினேன்.

அலுவலகத்தில் வரைபடப் பிரிவில் ஓர் அக்கா இருந்தார். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். அப்பா காரைக்காலிலிருந்து பிரெஞ்சுக்காரர் காலத்தில் குமாஸ்தாவாக வந்தவர், அம்மா வியட்நாமியர். ஆட்சி மாறியபோது மற்ற தமிழ்க் குடும்பங்கள் கப்பலேறின, இவர்கள் தங்கிவிட்டார்கள். அக்காவின் தமிழில் பிரெஞ்சும் வியட்நாமும் கலந்து வரும். முதல் நாளே, "வாங்க தம்பி, போன்ழூர்! இங்க உள்ள மாரியம்மன் கோயிலுக்குப் போயிட்டீங்களா?" என்று கேட்டு என்னைத் திகைக்க வைத்தார். எனக்கு மொழிபெயர்ப்பாளரும் அவர்தான்.

கசிவைக் கண்டுபிடிக்க ஓசை அடங்கிய நேரம் வேண்டும். சைகோனில் அது நடுப்பகலிலேயே கிடைக்கும். சாப்பாடு முடிந்ததும் ஊரே கண்ணயரும். பைக் டாக்சிக்காரர்கள் பைக்கின் மேலேயே மல்லாந்து தூங்குவார்கள். அந்த ஒன்றரை மணி நேரத்தில் நான் இரும்புக் கம்பியின் ஒரு முனையைக் குழாயில் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே நகர்வேன். கசிவு இருந்தால் உஸ்ஸென்று இரையும். நான்கு நாள் கேட்டேன். கேட்டதெல்லாம் குறட்டைச் சத்தம்தான்.

சந்தின் முகப்பில் காபிக்கடை வைத்திருந்த அம்மாள் தூங்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். ஐந்தாம் நாள் பனிக்கட்டி போட்ட பால்காபியை என் கையில் கொடுத்துவிட்டு, என்னோடு வந்திருந்த அக்காவிடம் ஏதோ கேட்டார். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

"என்னக்கா?"

"பூமிக்கு என்ன நோவு, டாக்டர் கண்டுபுடிச்சிட்டாரான்னு கேக்குறாங்க தம்பி."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கசிவு இல்லையென்றால் என் அறிக்கை பொய்.

மறுநாள் அக்கா பிரெஞ்சுக்காரர் காலத்து வரைபடம் ஒன்றைத் தேடி எடுத்து வந்தார். துணி ஒட்டிய தாள், மடிப்புகளில் கிழிந்திருந்தது. அதில் சந்தின் முகப்பில், பெரிய குழாயிலிருந்து கிளை பிரியும் இடத்தில், ஒரு வால்வு குறித்திருந்தது. புதிய வரைபடங்கள் எதிலும் அது இல்லை. மூலைச் சுவரிலிருந்து டேப்பைப் பிடித்து அளந்தோம். டேப் நடைபாதையைத் தாண்டி, காபிக்கடைக்குள் நுழைந்து, தரையில் வைத்திருந்த சிவப்பு மாடத்தில் போய் முட்டி நின்றது. உள்ளே தொந்தியும் சிரிப்புமாக ஓங் டியா, அந்த மண்ணுக்குரிய சாமி. முன்னால் ஒரு குவளை கடுங்காபியும் புகைந்துகொண்டிருந்த சிகரெட்டும்.

"வுவாலா! இதோ இங்கதான்!" என்றார் அக்கா.

மாடத்தை நகர்த்த வேண்டும் என்றதும் காபிக்கடை அம்மாளின் முகம் மாறியது. அக்கா பேசிப் பார்த்தார். கடைசியில் அம்மாள் சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் புரட்ட ஆரம்பித்தார்.

"நல்ல நாள் பாக்கணுமாம் தம்பி. நீங்க கோவப்படாதீங்க."

"இதுக்கு எதுக்குக்கா கோவம்? எங்க ஊர்ல போர்வெல் போடுறதுக்கே நாள் பாப்பாங்க. எமகண்டம் இல்லாமப் பாக்கச் சொல்லுங்க."

அக்கா அதை எப்படி மொழிபெயர்த்தாரோ, அம்மாள் என்னைப் புதிய மரியாதையோடு பார்த்தார். அவர் குறித்த நாள் ஒன்பதாவது நாள். அலுவலகத்தில் தரையை உடைக்க அனுமதி கிடைத்தது அதற்கு முந்தின நாள் மாலைதான். சாமி நாளை அன்றே சொல்லிவிட்டது, அனுமதிக்கு எட்டு நாள் ஆனது; சாமி எங்களைவிடச் சுறுசுறுப்பு.

குறித்த நாளில் அம்மாள் வாழைப்பழம் வைத்து வணங்கிவிட்டு, ஓங் டியாவைத் தன் கையாலேயே தூக்கிக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். நானும் கும்பிட்டுக்கொண்டேன். இரண்டு தொழிலாளிகள் ஓடுகளைப் பெயர்த்துத் தோண்டினார்கள். முழங்கை ஆழத்தில் இரும்பு மூடி. அதன் கீழே குழி நிறையச் சேறு. சேற்றுக்கு அடியில் வால்வு.

முதலில் அது மூடுகிறதா என்று பார்க்க நினைத்தேன். அக்கா வரைபடத்தின் ஓரக் குறிப்பைப் படித்துவிட்டு, "இடது பக்கம் திருப்புனா மூடும்" என்றார். எனக்குப் பழக்கமான வால்வுகள் வலப்பக்கம் திருப்பினால்தான் மூடும். இருந்தாலும் நீளச் சாவியை மாட்டி இடப்பக்கம் திருப்பச் சொன்னேன். அசையவில்லை. எண்ணெய் ஊற்றினோம். நானும் சேர்ந்து தொங்கினேன். துளியும் அசையவில்லை.

"துருப்பிடிச்சு இறுகிடுச்சுக்கா. வெட்டித்தான் எடுக்கணும்."

அக்கா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"மூடிக் கெடக்குறத எத்தன தடவ தம்பி மூடுவீங்க?"

சாவியை விட்டுவிட்டு வரைபடத்தை வாங்கிப் பார்த்தேன். எந்தக் காலத்திலோ யாரோ ஏதோ வேலைக்காக மூடியிருக்கிறார்கள். திறக்க மறந்துபோக, மேலே தரை போட்டுவிட்டார்கள். மறுமுனையில் இருந்த ஒல்லிக் குழாய் ஒன்றுதான் இத்தனை வருடம் சந்து முழுவதற்கும் தண்ணீர் கொடுத்திருக்கிறது.

வலப்பக்கம் திருப்பினோம். முனகியது, பிறகு அசைந்தது. துருவெல்லாம் வெளியேற, சந்தின் கோடியில் அழுக்குத் தண்ணீரை வெளியே விடும் வடிகுழாயைத் திறந்து வைத்து, கால் சுற்று கால் சுற்றாகத் திறந்தோம். முதலில் செம்மண் குழம்பு போல வந்து, அரை மணியில் தெளிந்தது. வடிகுழாயை மூடியதும் பிரஷர் மீட்டரின் முள் விறுவிறுவென்று ஏறியது. வாசல் வாசலாகக் குரல் கேட்டது: "கோ நுக் ரோய்!" தண்ணீர் வந்துவிட்டது என்று அர்த்தம்.

அப்போது காபிக்கடை மாடியிலிருந்து ஓர் அலறல். அம்மாளின் கணவர் சொட்டச் சொட்ட நனைந்து, கையில் பாயோடு இறங்கி வந்தார். அவருக்குப் பின்னாலேயே தண்ணீரும் படியிறங்கியது. மாடிக் குழாயில் என்றைக்குமே தண்ணீர் வந்ததில்லையாம். அது திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று யாரும் பார்த்ததில்லை. அவர் அதன் கீழே பாய் விரித்துப் படுத்திருக்கிறார்.

திட்டு விழப்போகிறது என்று நான் ஒதுங்கி நின்றேன். அம்மாள் கணவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவரும் சிரித்தார். நானும் தொழிலாளிகளும் துடைப்பத்தை எடுத்துத் தண்ணீரைத் தள்ளினோம்.

மறுநாள் என் அறிக்கையைத் திரும்ப வாங்கி, நான் சொன்னது தவறு என்று எழுதினேன். மேலதிகாரி படித்துவிட்டு, குழாயை எப்படியும் மாற்றத்தான் வேண்டும், ஆனால் இனி ஒவ்வொரு சந்திலும் வால்வைத் தேடிவிட்டுப் பிறகு எழுது என்றார். சந்துக்குப் புதிய வால்வை நடைபாதையிலேயே பொருத்தினோம். மழைக்காலம் முடிந்து புதுக் குழாய் போட்டபோது மோட்டார்கள் பாதிக்குமேல் பழைய இரும்புக்காரரிடம் போயிருந்தன.

அதற்குள் அக்காவும் நானும் துணித்தாள் வரைபடத்தோடு மற்ற சந்துகளில் அலைய ஆரம்பித்திருந்தோம். இரண்டாவது வால்வு ஒரு முடிதிருத்தும் கடையில், நாற்காலிக்கு நேர் கீழே இருந்தது. அந்தக் கடைக்காரர் நல்ல நாள் எதுவும் பார்க்கவில்லை. என் தலையைப் பார்த்தார். நாற்காலியைத் தட்டிக் காட்டினார்.

"மொதல்ல ஒக்காருங்க தம்பி," என்றார் அக்கா. "முடி வெட்டிக்கிட்டாத்தான் நாற்காலிய நகத்துவாராம்."