அண்ணன் வீட்டில் சாகக் கூடாதவள்

சாவ்கம் தன் தலையைத் தானே வாரிக் கொண்டை போட்டுக்கொண்டாள். அப்போது அவளுக்கு இருபது வயது. குவான்யின் அம்மன் முன்னால், பட்டு நூற்கும் ஆலைத் தோழிகள் சுற்றி நிற்க, சடையை அவிழ்த்து வாரி முடிந்தாள். சீனாவில் ஷுண்டே பக்கத்தில் சடை தொங்கினால் கன்னிப்பெண், கொண்டை ஏறினால் கல்யாணமானவள். மாப்பிள்ளையே இல்லாமல் கொண்டை ஏற்றியவளைத் 'தலை வாரினவள்' என்பார்கள். அதற்கப்புறம் கல்யாணப் பேச்சே கிடையாது. சபதத்தை மீறினால் பன்றிக் கூடையில் திணித்து ஆற்றில் அமுக்கிவிடுவார்கள்.

ஏன் இந்த வம்பு என்று ஊரில் கேட்டார்கள். அவளுடைய அக்கா, வயிற்றில் பிள்ளையோடு, புருஷன் எட்டி உதைத்து உதைத்தே செத்தவள். ஒருமுறை தப்பித்துப் பிறந்த வீட்டுக்கு ஓடிவந்தவளை அப்பா கையைப் பிடித்து இழுத்துத் திரும்பக் கொண்டுபோய் விட்டார். அந்த ஊரில் அதற்குப் பெயர் குடும்ப மானம்.

அப்பா போன பிறகு வீடு அண்ணன் ஹிங்போ கைக்கு வந்தது. பன்றி வெட்டும் லோக் குடும்பத்துக்குத் தங்கையைத் தருவதாக வாக்குக் கொடுத்து, அவர்கள் பரிசமாக அனுப்பிய முழுப் பன்றியையும் உறவுக்காரர்களோடு உட்கார்ந்து தின்று தீர்த்திருந்தான். தலை வாரிய சேதி அவன் காதுக்கு எட்டியதும் ஆலை வாசலுக்கு வந்தான். தலைமுடியைப் பிடித்து இழுத்தவன் கையில் சாவ்கம், பட்டுக்கூடு அவிக்கும் தொட்டியிலிருந்து ஒரு அகப்பைக் கொதிநீரை ஊற்றினாள். தோல் வழண்டு வந்தது. அவன் அலறிக்கொண்டு ஓடினான். ஆலைப் பெண்கள் சிரித்தார்கள். சிரித்திருக்க வேண்டாம்.

லோக் குடும்பத்தோடு குறித்திருந்த கல்யாண நாள் விடியலில், தலை வாரினவர்கள் சேர்ந்து வாழும் தோழிகளின் வீட்டுக் கதவை ஆறு பங்காளிகளோடு வந்து உடைத்தான். குறுக்கே நின்ற யூக்லான் என்ற தோழிக்குச் சுமைக் கம்பால் ஒரே அடி. முன்பல் இரண்டும் வாசலில் விழுந்தன. சாவ்கத்தைக் காலைப் பிடித்துத் தெருவில் இழுத்துக்கொண்டு போனார்கள். வீட்டுக்குள் தள்ளி, முசுக்கொட்டை இலை நறுக்கும் கத்தியை எடுத்தான் ஹிங்போ. அவள் கொண்டையைப் பிடித்து அடியோடு அறுத்தான். கூடவே தலைத்தோலும் ஒரு சில்லு பெயர்ந்து வந்தது.

"கொண்டை போச்சுல்ல? இப்போ நீ வாரவே இல்லை. கல்யாணச் சிவப்புத் துணிய தலைமேல போட்டா எவனுக்குத் தெரியப்போவுது?"

கைகளைப் பிடித்து முதுகுக்குப் பின்னால் முறுக்கியபோது வலது கையின் இரண்டு விரல்கள் முறிந்தன. நூலின் நுனியைத் தேடிப் பிடிக்கும் விரல்கள் அவை. சத்தம் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. வெளியே லோக் வீட்டு மேளமும் கேட்டது.

அந்த நேரத்தில்தான் அவளுக்கு அத்தை ஞாபகம் வந்தது. அத்தையும் தலை வாரினவள். போன மழைக்காலத்தில் காய்ச்சலோடு இதே வீட்டுக்கு வந்து படுத்தாள். தலை வாரினவள் பிறந்த வீட்டுக் கூரையின் கீழ் உயிரை விட்டால் அந்த வீட்டில் ஆண் வாரிசு தங்காது என்பது ஊர் நம்பிக்கை. மூச்சு இழுக்கத் தொடங்கியதுமே மழையோடு மழையாகத் தூக்கிக்கொண்டுபோய்த் தோட்டத்துக் கொட்டகையில் போட்டார்கள். தண்ணீர் கேட்டுக்கொண்டே செத்தாள். கால்பக்கம் பிடித்துத் தூக்கியவன் ஹிங்போ. அன்றைக்கு அத்தைக்காக அழுத சாவ்கம், இன்றைக்கு அண்ணனின் கைகளைப் பார்த்தாள். உள்ளறை வாசலில் அண்ணி நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சாவ்கம் உதறிக்கொண்டு எழுந்தாள். வாசலுக்கு ஓடுவாள் என்று அவர்கள் வாசலை மறித்தார்கள். அவள் உள்பக்கம் ஓடி, முன்னோர் பெயர் எழுதிய பலகை வைத்திருந்த மேடையின் கல் விளிம்பில் நெற்றியை முட்டினாள். ஒருமுறை அல்ல. ரத்தம் கொப்பளித்து ஊதுவத்திக் கிண்ணத்தில் வழிந்தது. அங்கேயே மல்லாந்து படுத்தாள்.

"அண்ணே, நான் இங்கயேதான் சாவேன். அத்தை மாதிரி என்னைத் தூக்கிப் போட விடமாட்டேன்."

மாப்பிள்ளையின் சித்தப்பா உள்ளே எட்டிப் பார்த்தார். பிணத்தைப் பல்லக்கில் ஏற்ற முடியாது, எழுந்து நடந்தால் கூட்டிப் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் பின்வாங்கினார். சாவ்கம் கண்ணை மேலே சொருகிக்கொண்டாள். பாதி நடிப்பு, மீதி அவளுக்கே தெரியவில்லை.

அண்ணி வீறிட்டாள். "தூக்குய்யா வெளியே! என் பிள்ளைய முழுங்கவா கிடக்கா?"

ஹிங்போ ஓடிவந்து குனிந்தான். வெந்த கையோடு தங்கையைத் தோளில் அள்ளிப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினான். மேளக்காரர்களும் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் வழியை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

"வழி விடுங்கய்யா! தலை வாரினவ! வீட்டுக்குள்ள சாகக் கூடாது, வழி விடுங்க!"

தெரு கேட்டது. மேளம் நின்றது. தங்கை வாரவே இல்லை என்று லோக் வீட்டாரிடம் சத்தியம் செய்திருந்த அதே வாய். லோக் வீட்டு ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவன் தோழிகளின் வீட்டு வாசலில் அவளை இறக்கிவிட்டு நிமிர்வதற்குள் பல்லக்குத் தண்டை உருவி அடிக்கத் தொடங்கினார்கள். பன்றி அடித்துப் பழகிய கைகள். அவன் இடது கால் அப்புறம் நேராகவே இல்லை. சாவ்கம் ஒரு கண்ணில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, முடியும் மட்டும் அதைப் பார்த்தாள். அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

முடி வளர நாளாயிற்று. மறுபடி கொண்டை போடும் நீளம் வந்ததும், நான் வாரிவிடட்டுமா என்று பொக்கை வாயோடு யூக்லான் கேட்டாள். வேண்டாம் என்று, முறிந்து கோணிப்போன விரல்களாலேயே அவள் வாரிக்கொண்டாள். சீப்பு பலமுறை கீழே விழுந்தது. யாரும் எடுத்துத் தரவில்லை. எடுத்துத் தரவும் கூடாது.

அந்த விரல்களால் நூல் இழுக்க முடியாது. அதனால் மிச்சக் காலமெல்லாம் கூடு பொறுக்கிப் பிழைத்தாள். கிழவியாகி, தோழிகளின் வீட்டில் ஒரு மழை நாளில் அவளுக்கு மூச்சு இழுத்தது. தண்ணீர் கேட்டாள். கொடுத்தார்கள். யாரும் அவளைத் தூக்கவில்லை.