ஆற்றுக்கு ஒரு கரை போதாது

எங்கள் ஊர் உண்டான நாளை ஊரில் விழாவாகக் கொண்டாடப் போகிறார்கள் என்ற செய்தி தில்லிக்கு வந்தபோது, இங்கிருந்த ஊர்க்காரர்களுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஏதோ கல்வெட்டை வைத்து நாள் குறித்திருந்தார்கள். அந்தக் கணக்கு சரிதானா என்று கேட்டவரை யாரும் மதிக்கவில்லை. தாமிரபரணிக் கரையில் நடப்பது ஆர்.கே.புரத்திலும் நடக்க வேண்டும் என்று முடிவாயிற்று. தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது.

ஊர்க்காரர்கள் என்று நான் சொல்வதில் ஒரு சிக்கல் உண்டு. நான் ஆற்றுக்கு அக்கரை. கோடையில் மணலில் இறங்கி நடந்தும், தண்ணீர் வந்தால் பாலம் வழியாகச் சுற்றியும் ஊருக்குள் வந்து படித்தவள். பள்ளிக்கூடம், துணிக்கடை, தேரோட்டம், பல் பிடுங்கிக்கொண்டது எல்லாம் ஊரில்தான். ஆனாலும் ஊர்க்காரர்கள் எங்களை ஊரில் சேர்க்க மாட்டார்கள். தில்லிக்கு வந்தும் என் ராசி மாறவில்லை. வீடு மயூர் விஹாரில். ஆர்.கே.புரத்துக்காரர்கள் அதை 'ஜமுனா பார்', அதாவது யமுனைக்கு அந்தப் பக்கம், என்பார்கள், ஏதோ விசா வாங்கிக்கொண்டு போக வேண்டிய இடம் மாதிரி. ஆக, இரண்டு ஆற்றுக்கும் நான் அக்கரைக்காரி.

எங்கள் ஊரில் ஒருவரைப் பார்த்தால் முதல் கேள்வி "எந்தத் தெரு?" என்பதுதான். அதனால் விழாவிலும் தெருவாரியாகக் குடும்பங்களை மேடைக்குக் கூப்பிடுவது, ஒவ்வொரு தெருவும் குத்துவிளக்கில் ஒரு திரி ஏற்றுவது என்று ஏற்பாடு. விழாக் குழுத் தலைவர் ஒரு மத்திய அமைச்சகத்தில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனுஷர்தான், ஆனால் பாயசத்துக்கு முந்திரி போடுவதற்கும் மேலிடத்து ஒப்புதல் இருக்கிறதா என்று பார்ப்பவர். அவரிடம் நேராகவே கேட்டேன். எங்களையும் கூப்பிட வேண்டும், எனக்கும் ஒரு திரி வேண்டும்.

"நீங்க கண்டிப்பா வரணும், சாப்பிட்டுத்தான் போகணும்," என்றார். "ஆனா விளக்கு ஊர்க்காரங்களுக்கு மட்டும்லா? அக்கரைய எந்தத் தெருவுல சேக்கது?"

"தெருவுல சேக்க வேண்டாம். அக்கரைன்னே கூப்பிடுங்க."

"பாப்போம்," என்றார். மத்திய அரசில் வேலை பார்த்த எவருக்கும் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரியும். எனக்கும் தெரியும், நானும் அங்கேதான் குப்பை கொட்டினேன்.

வீட்டில் என் கணவர், மதுரைக்காரர், "சாப்பாடு உண்டுல்ல? அப்புறம் என்ன?" என்றார். அவருக்கு அது போதும். எனக்குப் போதவில்லை. பதினேழு வயது வரை தினமும் நடந்து வந்த ஊரில் நான் விருந்தாளியா?

விழா அன்று காலையில் சமுதாயக் கூடத்துத் தரையில் ஊரின் படத்தைக் கோலமாகப் போட வேண்டும் என்பது பெண்களின் திட்டம். அவரவர் தெருவை அவரவர் போட்டார்கள். தலைவரின் மனைவி மூத்தவர், அதிகம் பேசாதவர். அவர் நீலப் பொடியில் ஆற்றைப் போட்டார். மேடைப் பக்கம் கோயில் வந்துவிட்டதால் ஆறு எதிர்க் கோடிக்கு, வாசற்படியை ஒட்டிப் போயிற்று. அதற்கப்பால் நிலமே இல்லை. அத்தனை பேரும் நின்று அழகு பார்த்தார்கள், ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. ஊர்க்காரர்கள் ஆற்றில் குளித்துவிட்டுக் கோயிலைப் பார்த்துத் திரும்பி நடக்கிறவர்கள். அக்கரை அவர்கள் முதுகுக்குப் பின்னால் இருப்பது.

அப்புறம் சண்டை வந்தது. படித்துறை மண்டபம் சன்னதித் தெருவுக்குக் கிழக்கா மேற்கா என்று மேலத் தெருவும் கீழத் தெருவும் கோலப்பொடிக் கையோடு நின்றன. "கிழக்கு," என்றேன். "மண்டபத்துக்கு அடுத்தாப்ல ஆலமரம், அப்புறம் கீழத் தெருப் படித்துறை." எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். அவர்கள் தங்கள் தெரு வழியாக ஆற்றுக்கு இறங்கியவர்கள். நான் எதிர்க்கரையில் நின்று முழு ஊரையும் ஒன்றாகப் பார்த்தவள். சொல்லிவிட்டு, அவர்கள் அழித்துப் போட்டு முடிக்கும் வரை இடுப்பில் கை வைத்து நின்றேன்.

நின்றபோதே யோசனையும் வந்தது. வாசலுக்கு வெளியே வராந்தாவில் கிடந்த செருப்புகளையெல்லாம் ஓரமாகத் தள்ளச் சொன்னேன். காவலாளி, "மேடம், ஜல்தி கீஜியே, கெஸ்ட் ஆ ரஹே ஹைன்," என்று விருந்தினர் வருவதைச் சொல்லி அவசரப்படுத்தினார். "அச்சா பையா, பாஞ்ச் மினிட்," என்று ஐந்து நிமிஷம் கேட்டு உட்கார்ந்து என் கரையைப் போட ஆரம்பித்தேன். வயல், வாய்க்கால், மணல், எங்கள் நாலு வரிசை வீடு.

தலைவர் வந்து பார்த்தார். "இது பிளான்ல இல்லியே?"

"ஒத்தக் கரையோட ஆறு எந்த ஊர்லங்க இருக்கு?" என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் அவர் மனைவி பொடிக் கிண்ணத்தோடு வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். வாய்க்கால் ஓரமாக ஒரு சின்னக் கோயிலைப் போட்டுவிட்டு எழுந்து போனார். எனக்கு உதவி செய்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். கோயில் சரியான இடத்தில் இருந்தது என்பது அப்போது உறைக்கவில்லை.

வந்தவர்கள் அத்தனை பேரும் என் கரை வழியாக ஆற்றைத் தாண்டித்தான் ஊருக்குள் போனார்கள். அதில் எனக்கு மகா திருப்தி. ஆனால் மேடையில் கதை வேறாக இருந்தது. சன்னதித் தெரு, மேலத் தெரு, கீழத் தெரு, பஜார் என்று தலைவர் மைக்கில் கூப்பிட, ஒவ்வொரு குடும்பமும் போய் ஏற்றிவிட்டு வந்தது. ஆற்றையே பார்த்திராத பிள்ளைகள்கூட ஏற்றினார்கள். நான் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு தயாராக நின்றேன்.

"தெரு எல்லாம் முடிஞ்சுது," என்றார் தலைவர். "அடுத்தாப்ல வரவேற்புரை."

நானே மேடையேறிவிடுவது என்று ஒரு அடி வைத்தேன். அதற்குள் முன்வரிசையிலிருந்து தலைவரின் மனைவி எழுந்து விளக்கை நோக்கி நடந்தார். சன்னதித் தெருவோடு கணவர் பக்கத்தில் நின்று ஏற்கெனவே ஏற்றியவர் அவர்.

"எங்க போற?" என்றார் தலைவர். மைக் வாயருகே இருந்ததால் கூடம் முழுக்கக் கேட்டது.

"அது ஒங்க தெரு," என்றார் அந்த அம்மாள். "எங்க அப்பா வீடு அக்கரையில்லா? பொண்ணு கேக்க ஆத்தத் தாண்டித்தான வந்திய?"

அவர் என்னைப் பார்த்துக் கையை நீட்டி, "வா தங்கச்சி," என்றார். தலைவர் மைக்கைப் பிடித்தபடி மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, நாங்கள் போய்ச் சேருவதற்குள், ஊர் முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டார்.

"அக்கரை."